தோட்டாவும் துல்லியமும்: கையால் மருந்து நிறைத்த வரலாறு

சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை எடுத்து, அதில் புதிய பிரைமரைப் பொருத்தி, அளந்த மருந்தை இட்டு, மேலே குண்டைச் செருகி, மீண்டும் சுடத்தக்க தோட்டாவாக ஆக்குவது கைநிறைப்பு எனப்படும். பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் இருக்கும் சிறு உலோகக் கிண்ணம். துப்பாக்கியின் ஊசி அதன்மேல் தட்டியதும் தீப்பொறி எழுந்து உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய நிலப்பகுதிகளில் இலக்குச் சுடுதலில் ஈடுபடும் பலருக்குக் கைநிறைப்பு ஒரு தனிப் பொழுதுபோக்காகவே உள்ளது. செலவைக் குறைப்பதற்காகத் தொடங்கிய இவ்வழக்கம் பின்னர்த் துல்லியத்தைத் தேடும் முயற்சியாக வளர்ந்தது.

இது மேலைநாட்டாரின் கலை என்றே பலரும் எண்ணுவர். ஆனால் துல்லியமான குண்டு உருவான வரலாற்றில் தென்னிந்தியாவுக்கு ஓர் இடம் உண்டு. வேட்டைக்காரர் ஒருவரின் ஊதுகுழல் அம்பு அதில் முக்கியமான பங்கை வகித்தது. அவ்வரலாற்றை வேலூர்க் கோட்டையிலிருந்து தொடங்கிக் காணலாம்.

வேலூர்க் கோட்டையும் காகிதத் தோட்டாவும்

காட்பாடியிலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் வேலூர் நகரும் அகழி சூழ்ந்த கோட்டையும் வருகின்றன. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் இக்கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்ற ஆணைகளும், தோலால் ஆன குஞ்சம் பொருத்திய புதிய வகைத் தலைப்பாகையும் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களாயின. கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் படையான 69ஆம் ரெஜிமென்ட்டின் வீரர்கள் பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் மதில்மேல் ஓரிடத்தில் ஒதுங்கி எதிர்த்து நின்றனர்.

ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் கர்னல் கில்லெஸ்பி வந்து சேர்ந்தபோது மதில்மேல் இருந்தவர்களிடம் தோட்டாக்கள் தீர்ந்திருந்தன. மேலிருந்து இறக்கப்பட்ட கயிற்றைப் பற்றிக் கில்லெஸ்பி மதிலேறினார். சுட வழியில்லாததால் துப்பாக்கி முனையில் பொருத்திய ஈட்டிக் கத்திகளைக் கொண்டே அவ்வீரர்களை முன்னேறச் செய்தார். பின்னர்ப் பீரங்கிகள் வந்து கோட்டைக் கதவைத் தகர்த்தன. கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. சிப்பாய்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டனர்.

அன்று தீர்ந்துபோன தோட்டா எப்படிப்பட்டது? அது முழுவதும் கையால் செய்யப்பட்டது. காகிதத்தைக் குழல்போல் சுருட்டி, ஒரு முனையில் ஈய உருண்டையையும் அதன்பின் கருமருந்தையும் வைத்து முறுக்கிக் கட்டுவர். கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை. வீரர் அந்தக் காகித முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, சிறிது மருந்தைத் தட்டில் இட்டு, எஞ்சியதைக் குழலின் வாய்வழியே கொட்டி, குண்டையும் காகிதத்தையும் இரும்புக் கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டுக் குழாயில் மருந்து கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு இச்செயல் புதிதாகத் தோன்றாது. தோட்டாக்கள் ஈரம் படாமலிருக்க இடுப்பருகே தொங்கும் தோல் பையில் வைக்கப்பட்டன. பயிற்சி பெற்ற வீரர் ஒரு நிமிடத்தில் மூன்று முறை வரை சுடுவார்.

அதில் வேகம் இருந்தது, துல்லியம் இல்லை. அக்காலத்தில் பரவலாக இருந்த 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கட் துப்பாக்கி, கம்பெனிப் படைக்காக வடிவமைக்கப்பட்டுப் பின்னர் ஆங்கிலேய அரசுப் படையாலும் ஏற்கப்பட்டதாகும். அதன் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 19 மி.மீ. அதில் இடப்படும் ஈய உருண்டையின் விட்டம் ஏறக்குறைய 17.5 மி.மீ. பல முறை சுட்டதும் குழலில் கரி படியும். அப்போதும் உருண்டை தடையின்றி உள்ளே இறங்கவேண்டும் என்பதற்காகவே இந்த ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விடப்பட்டது. சுடும்போது உருண்டை குழலின் இருபுறமும் மோதிக்கொண்டே வெளிவரும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்ப அதன் திசை மாறும். மருந்தின் வாயுவிலும் ஒரு பகுதி இடைவெளி வழியே வீணாகும். நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு தனி மனிதரைக் குறிபார்த்துச் சுடுவது பெரும்பாலும் பயனற்றதாக இருந்தது.

குண்டுக்கும் குழலுக்கும் இடையே

இதற்கு மாற்று வழி அப்போதே தெரிந்திருந்தது. குழலின் உட்புறத்தில் திருகலாக வரிப்பள்ளங்களை வெட்டினால் குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளியேறும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோலச் சுழலும் குண்டும் தன் திசையைக் காக்கும். இத்தகைய குழல் கொண்ட துப்பாக்கியே ரைஃபிள் எனப்படுகிறது.

1800ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படையில் ஒரு பிரிவுக்கு வழங்கப்பட்ட பேக்கர் ரைஃபிளில், எண்ணெய்ப் பசையுள்ள மெல்லிய தோல் துண்டில் குண்டைச் சுற்றிக் குழலுக்குள் இறுக்கமாக இடித்து இறக்குவர். வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொள்வது அந்தத் தோல்தான். துல்லியம் கூடியது, ஆனால் ஒரு முறை கெட்டிக்க மஸ்கட்டைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. குழலில் கரி படியப் படிய இடிப்பது மேலும் கடினமாயிற்று.

படைத்துறை அறிஞர்களின் முன் நின்ற சிக்கல் இதுதான்: உள்ளே இறங்கும்போது குண்டு தளர்வாக இருக்கவேண்டும், வெளியே வரும்போது இறுக்கமாக இருக்கவேண்டும். ஒரே பொருள் இரண்டுமாக எப்படி இருக்க முடியும்?

ஊதுகுழல் அம்பின் நெட்டி

இதற்கான விடை தென்னிந்தியாவில் கிடைத்தது. ஆங்கிலேயப் படையின் 34ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன், இங்குள்ள மக்கள் சிறு வேட்டைக்குப் பயன்படுத்திய ஊதுகுழல் அம்பை ஆராய்ந்தார். அந்த அம்பின் அடிப்பாகம் தாமரைத் தண்டின் நெட்டியால் ஆனது. நெட்டி இலேசானது, மென்மையானது, அழுத்தினால் விரியக்கூடியது. ஊதுகுழலில் அதைத் தளர்வாக நுழைக்கலாம். ஊதியவுடன் பின்னிருந்து வரும் மூச்சுக்காற்று நெட்டியை அழுத்தும். நெட்டி விரிந்து குழலின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காற்று பக்கவாட்டில் கசிவதில்லை. மூச்சின் விசை முழுவதும் அம்பைத் தள்ளவே பயன்படும்.

1823ஆம் ஆண்டு நார்ட்டன் இதே விதியை ஈயத்துக்குப் பொருத்தினார். உருண்டைக்குப் பதிலாக நீண்ட, முனை கூம்பிய குண்டு ஒன்றை அமைத்து, அதன் அடியில் குழிவு ஒன்றை விட்டார். மருந்து எரிந்து எழும் வாயு அந்தக் குழிவினுள் அழுத்தும்போது அதன் மெல்லிய ஓரம் விரிந்து வரிப்பள்ளங்களைப் பற்றும். உள்ளே போகும்போது தளர்வு, வெளியே வரும்போது இறுக்கம் என்ற இரண்டும் இவ்வாறு ஒரே குண்டில் இணைந்தன.

ஆங்கிலேய அரசு இதனை ஏற்கவில்லை. குண்டு என்றால் உருண்டையாகவே இருக்கவேண்டும் என்ற பழக்கம் வலுவாக இருந்தது. 1830களில் துப்பாக்கித் தொழிலர் வில்லியம் கிரீனர் விரியும் குண்டு ஒன்றை முன்வைத்தார், அதுவும் ஏற்கப்படவில்லை. 1849ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கேப்டன் மினியே அதே விதியில் அமைத்த குண்டு வெற்றி பெற்றபின் ஆங்கிலேய அரசு அவருக்கு 20,000 பவுண்டு அளித்தது. இவ்விதியை முதலில் பொதுவெளியில் முன்வைத்தவர் என்ற வகையில் கிரீனருக்கு 1857ஆம் ஆண்டு 1,000 பவுண்டு கிடைத்தது. நெட்டியைச் சீவி அம்பில் பொருத்திய தென்னிந்திய வேட்டைக்காரருக்கு அந்தப் பரிசுப் பட்டியலில் இடமில்லை.

என்ஃபீல்டும் 1857உம்

விரியும் குண்டைக் கொண்டு உருவான 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் நூற்றுக்கணக்கான கெஜம் தொலைவிலுள்ள இலக்கையும் தாக்கவல்லதாக இருந்தது. அதன் தோட்டாவும் காகிதத் தோட்டாவே. குண்டு எளிதாக இறங்குவதற்காகக் காகிதத்தின் குண்டுப் பகுதியில் கொழுப்பு தடவப்பட்டது. அக்கொழுப்பு பசு, பன்றி ஆகியவற்றினுடையது என்ற அச்சம் 1857ஆம் ஆண்டின் பெரும் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

1806இல் தலைப்பாகையின் தோல். 1857இல் தோட்டாவின் கொழுப்பு. இரு நிகழ்வுகளிலும் தாங்கள் அணிவதும் வாயால் கடிப்பதும் எதனால் ஆனவை என்பதைத் தீர்மானிக்கும் உரிமை சிப்பாய்களிடம் இல்லை. தோட்டாவை யார் செய்கிறார், எதைக் கொண்டு செய்கிறார் என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அன்று என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

உலோகத் தோட்டா: கையிலிருந்து ஆலைக்கு

அடுத்த பத்தாண்டில் காகிதம் மறைந்தது. 1866ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயப் படை அதிகாரி எட்வர்ட் பாக்சரும் அமெரிக்கரான ஹைரம் பெர்டனும் தனித்தனியே பிரைமர் அமைப்புகளை உருவாக்கினர். பாக்சர் அமைப்பில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருக்கும். ஓர் ஊசியை உள்ளே செலுத்தித் தட்டினால் பழைய பிரைமர் வெளியே விழுந்துவிடும். பெர்டன் அமைப்பில் ஓரமாக இரு சிறு துளைகள் இருப்பதால் அது எளிதன்று. ஆங்கிலேயர் உருவாக்கிய பாக்சர் அமைப்பு அமெரிக்காவில் நிலைபெற்றது. அமெரிக்கர் உருவாக்கிய பெர்டன் அமைப்பு ஐரோப்பாவில் பரவியது. அமெரிக்காவில் கைநிறைப்பு எளிதாக வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1889ஆம் ஆண்டு பிரிட்டனில் ஏபெல், டேவார் ஆகிய இரு வேதியியலாளர் கார்டைட் என்னும் புகை குறைந்த மருந்தை உருவாக்கினர். நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, சிறிது வாசலின் ஆகியவை சேர்ந்த இக்கலவை கயிறு போன்ற இழைகளாகப் பிழியப்படுவதால் இப்பெயர் பெற்றது. ஆங்கிலேயப் படையின் .303 தோட்டாவில் இவ்விழைகளே கட்டாக வைக்கப்பட்டன. கூட்டின் கழுத்தைக் குறுக்குவதற்கு முன்பே இழைக்கட்டை உள்ளே செருகி, பின்னரே கழுத்தை ஒடுக்குவர். பொடிமருந்தைப்போல இதைக் கழுத்து வழியே கொட்டிவிட முடியாது. எனவே கார்டைட் தோட்டா அமைப்பிலேயே ஆலைக்குரியதாக இருந்தது.

அந்த ஆலைகளுள் ஒன்று தமிழ்நாட்டில் எழுந்தது. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903ஆம் ஆண்டு கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதற்கு வேண்டிய மின்சாரம் அருகிலுள்ள காட்டேரி அருவியின் நீர்விசையிலிருந்து பெறப்பட்டது. மலை ரயிலில் உதகைக்குச் செல்வோர் அருவங்காடு நிலையத்தை இன்றும் கடந்து செல்கின்றனர். 2021ஆம் ஆண்டு முதல் இத்தொழிற்சாலை 'மியூனிஷன்ஸ் இந்தியா' என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 1806இல் காகிதத்தைச் சுருட்டிய கையின் இடத்தை நூறு ஆண்டுகளுக்குள் பொறிகள் எடுத்துக்கொண்டன.

கை மீண்டும் வந்தது

ஆலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொதுவாகச் செய்யப்படுவது. எந்த ரைஃபிளிலும் சிக்காமல் நுழைய வேண்டும் என்பதே அதன் முதல் இலக்கணம். ஆனால் ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்யப்பட்ட இரு ரைஃபிள்களும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பலருக்கும் பொதுவாகத் தைத்த சட்டைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வேறுபாடே இங்கும் உள்ளது. தன் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தானே அமைக்கலாம் என்ற எண்ணம் இவ்வாறு பிறந்தது.

அமெரிக்கப் புல்வெளிகளில் காட்டெருமை வேட்டையாடியோர் கடைகளிலிருந்து பல நாள் பயணத் தொலைவில் இருந்தனர். கூடாரத்திலேயே ஈயம் உருக்கி, பழைய கூடுகளை மீண்டும் நிறைத்துக்கொண்டனர். 1884ஆம் ஆண்டு முதல் ஜான் பார்லோ என்பவரின் 'ஐடியல்' நிறுவனம் பாக்குவெட்டியைப்போல் இரு கைப்பிடிகள் கொண்ட கைக்கருவியை விற்றது. 1909ஆம் ஆண்டு பிராங்க்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர் தம் நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். குண்டின் முனையில் ஏற்படும் சிதைவைவிட அதன் அடிப்பாகத்தில் ஏற்படும் சிதைவே குறியை அதிகம் கெடுக்கிறது என்பது அவர் கண்டறிந்தவற்றுள் முக்கியமானது. குழலை விட்டுக் கடைசியாக நீங்குவது அடிப்பாகம். அதன் ஓரம் ஒருபுறம் சிதைந்திருந்தால் வாயு அந்தப் பக்கமாக முதலில் வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். நெட்டியை அம்பின் அடியில் பொருத்திய வேட்டைக்காரரின் கவனமும் அதே இடத்தில்தான் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் கருவிகளும் குண்டுகளும் மருந்தும் எளிதில் கிடைத்தன. 1943இல் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ்., 1949இல் தொடங்கிய ஹார்னடி போன்ற நிறுவனங்களால் கைநிறைப்பு அமெரிக்க வீடுகளின் பணிமேசைக்கு வந்து சேர்ந்தது.

புதியவர் காணும் மகிழ்ச்சி

கைநிறைப்பின் படிகள் சிலவே. சுட்ட கூட்டைத் துடைத்து ஆராய்தல், விரிந்த கூட்டை அச்சில் இட்டு அளவுக்குக் கொண்டுவருதல், புதிய பிரைமர் பொருத்துதல், மருந்தை நிறுத்தி இடுதல், குண்டை உரிய ஆழத்தில் செருகுதல் ஆகியனவே அவை. மருந்தின் அளவைச் சுடுபவர் தாமாக ஊகிப்பதில்லை. மருந்து உற்பத்தியாளர் வெளியிடும் அட்டவணையில் உள்ள குறைந்த அளவிலிருந்து தொடங்கி, உச்ச அளவைத் தாண்டாமல் நிற்பதே எங்கும் பின்பற்றப்படும் விதி. அளவு மீறினால் துப்பாக்கியே வெடித்துச் சுடுபவரின் கண்ணையோ கையையோ பறிக்கக்கூடும்.

மருந்து கிரெய்ன் என்னும் அலகில் நிறுக்கப்படுகிறது. ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். ஒரு காலத்தில் பார்லித் தானியத்தின் எடையிலிருந்து வந்த அலகு இது. நம் பொற்கொல்லர்கள் பொன் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெய்ன் எடை கொண்டது. கைநிறைப்பவர் ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்கிறார். அதாவது ஒரு குன்றிமணியை இருபது பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. பொற்கொல்லர் தராசின் முன் மூச்சை அடக்கி உட்காரும் அதே பொறுமை இங்கும் வேண்டும்.

இவ்வளவு நுட்பம் தேவையா என்று கேட்கலாம். விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டுகளுள் ஒன்று 10 மீட்டர் குறைந்த வேகத்தில் சென்றால், 300 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 2 செ.மீ. கீழே படும். பன்னாட்டு 300 மீட்டர்ப் போட்டியின் நடுவட்டம் 10 செ.மீ. விட்டம் கொண்டது. அதில் 2 செ.மீ. என்பது சிறிய இழப்பு அன்று. காற்றும் கையின் நடுக்கமும் சேர்ந்து பிழையை மேலும் பெருக்கும்.

இங்குதான் புதியவரின் மகிழ்ச்சி தொடங்குகிறது. ஆலைத் தோட்டாவில் ஐந்து முறை சுட்டு, தாளில் ஐந்து துளைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியிருப்பதைப் பார்க்கிறார். பின்னர்த் தாம் நிறுத்து அமைத்த ஐந்து தோட்டாக்களைச் சுடுகிறார். துளைகள் ஒன்றையொன்று நெருங்கி ஒரு நாணயத்தின் அகலத்துக்குள் அடங்குகின்றன. இரண்டிலும் துப்பாக்கி ஒன்றே, சுட்டவரும் ஒருவரே. மாறியது தோட்டாவின் ஒருமை மட்டுமே. துல்லியம் என்பது வலிமையால் வருவதன்று. ஒரே செயலை ஐந்து முறையும் ஒரே மாதிரியாகச் செய்வதால் வருவது என்பதை அந்தத் தாள் அவருக்குக் காட்டிவிடுகிறது. ஒவ்வொரு தொகுதியின் அளவுகளையும் முடிவையும் குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது அவரது வழக்கமாகிறது. பள்ளி ஆய்வகத்தில் கற்ற சோதனை முறையும் இதுவே.

வெயிலும் ஒரு காரணி

வேலூர் போன்ற வட்டாரத்துக்கு ஒரு கூடுதல் பாடம் உண்டு. கோடையில் இங்கு வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். மருந்து சூடேறினால் பொதுவாக விரைவாக எரியும். குழலினுள் அழுத்தமும் குண்டின் வேகமும் கூடும். குளிரான இங்கிலாந்தில் அளவாக இருந்த தோட்டா இந்திய வெயிலில் மிகை அழுத்தம் தருவதை உணர்ந்த ஆங்கிலேயத் துப்பாக்கி நிறுவனங்கள், பெரிய வேட்டை ரைஃபிள்களுக்கு மருந்து குறைத்த 'வெப்பமண்டலத் தோட்டா'க்களைத் தனியே விற்றன. துல்லியமான தோட்டா துப்பாக்கிக்கு மட்டுமன்றி ஊரின் பருவத்துக்கும் பொருந்தவேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

இந்தியாவில் சட்டமும் நடைமுறையும்

கைநிறைப்பு இந்தியாவில் பரவாததற்கு முதன்மையான காரணம் சட்டமாகும். 1857க்குப்பின் ஆங்கிலேய அரசு இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தியது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது. படைத் தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கைக்குச் சென்றுவிடும் என்ற அச்சத்தால், 1907ஆம் ஆண்டளவில் .450 அளவு ரைஃபிள்களின் இறக்குமதி இந்தியாவில் தடுக்கப்பட்டது. அதனால் லண்டன் நிறுவனங்கள் .465, .470 போன்ற புதிய அளவுகளை உருவாக்க நேர்ந்தது. இந்தியாவின் ஆயுத விதி ஒன்று உலக வேட்டைத் தோட்டாக்களின் அளவையே மாற்றியது.

விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி தோட்டாவின் பகுதிகளும் அவற்றைச் செய்யும் கருவிகளும்கூட 'வெடிபொருள்' என்ற வரையறைக்குள் அடங்கும். உரிமமின்றி அவற்றைத் தயாரிப்பது குற்றமாகும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டையும் முடிவுக்கு வந்தது. எனவே பணிமேசையில் தோட்டா நிறைக்கும் அமெரிக்க வழக்கத்தை இங்குள்ள ஒருவர் தம் விருப்பப்படி பின்பற்ற இயலாது.

வெடிமருந்துத் தொழில் இவ்வட்டாரத்தில் இல்லாமலும் இல்லை. காட்பாடியில் தமிழ்நாடு அரசின் தொழில்சார் வெடிமருந்து நிறுவனம் அமைந்தது. சுரங்கங்களுக்கும் கல் குவாரிகளுக்கும் வேண்டிய வெடிமருந்து வகைகள் அங்குத் தயாரிக்கப்பட்டன. பாறை பிளக்கும் மருந்துக்கும் தோட்டா மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் அறிதல் நல்லது. முன்னது ஒரே நொடியில் அதிர்ந்து சிதறடிக்கும். பின்னது படிப்படியாக எரிந்து வாயுவை எழுப்பிக் குண்டைத் தள்ளும். தள்ளுவதே தோட்டா மருந்தின் பணி.

நெட்டி திரும்பிய இடம்

மருந்தும் கூடும் இல்லாமலேயே இந்தத் துல்லியத் தேடல் இந்தியாவில் வேறொரு வடிவில் செழித்தது. அது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிச் சுடுதல். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இப்பிரிவில் 700.5 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பையில் இதே பிரிவின் மகளிர் போட்டியில் தங்கம் பெற்றார்.

இப்போட்டியின் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. விட்டம் கொண்டது. 4.5 மி.மீ. அளவுள்ள ஈயச் சிறுகுண்டு ஏறக்குறைய அரைக் கிராம் எடை கொண்டது. தோட்டாவை நிறைக்க இங்கு வழியில்லை. ஆனால் ஒருமையைத் தேட வழியுண்டு. ஒரே அச்சில் ஒரே நாளில் செய்த தொகுதிகளை வாங்கிச் சோதித்து, தம் துப்பாக்கிக்கு எந்தத் தொகுதி நெருங்கிய துளைகளைத் தருகிறது என்று வீரர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். சிலர் சிறுகுண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, ஓரம் நசுங்கியவற்றை ஒதுக்குகின்றனர். கைநிறைப்பவரின் பொறுமையும் குறிப்பேடும் இவர்களிடமும் உள்ளன.

அந்தச் சிறுகுண்டை விரலில் எடுத்துப் பார்த்தால் அதன் வடிவம் விளங்கும். தலை கனமானது, இடை உடுக்கைபோல் ஒடுங்கியது, பின்பகுதி உள்ளே குழிந்து, மெல்லிய பாவாடைபோல் விரிந்தது. அழுத்தப்பட்ட காற்று பின்னிருந்து தள்ளும்போது அந்த மெல்லிய ஓரம் விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். காற்று கசிவதில்லை. தாமரை நெட்டி செய்த வேலையை இங்கு ஈயம் செய்கிறது.

முடிவுரை

காகிதம் சுருட்டிய கையிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து மீண்டும் தராசின் முன் அமரும் கைக்கும் தோட்டாவின் வரலாறு சென்று வந்துள்ளது. இந்தியாவில் அந்தக் கைக்குச் சட்டம் வரம்பிட்டுள்ளது. அதற்கு வரலாற்றுக் காரணங்களும் பாதுகாப்புக் காரணங்களும் உள்ளன. ஆயினும் அம்முயற்சியின் சாரமான அளத்தல், ஒன்றுபோல் செய்தல், பிழையைத் தேடித் திருத்துதல் ஆகியவற்றுக்கு உரிமம் எதுவும் வேண்டியதில்லை. காற்றுத் துப்பாக்கியுடன் 10 மீட்டர்க் கோட்டில் முதன்முறையாக நிற்கும் மாணவரும் அவற்றைக் கற்றுக்கொள்ளலாம். அவர் கையிலுள்ள சிறுகுண்டின் குழிந்த அடிப்பாகத்துக்கு, நெட்டியைச் சீவி அம்பு செய்த தென்னிந்திய வேட்டைக்காரர் ஒருவர் முன்னோடி என்பதை அறிந்து சுடுவது அம்மகிழ்ச்சியைக் கூட்டும்.